சாமி வேண்டாம், ஊர் வேண்டும்

(“கடவுளை நம்பாதவருக்குப் பண்டிகை எதற்கு?” என்ற தலைப்பில் நடந்த தொலைக்காட்சிக் கருத்தரங்கில் பேசியதன் விரிவான எழுத்து வடிவம்.)

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு ஜனவரி மாதத்து ஞாயிற்றுக்கிழமை, பொங்கல் நிகழ்ச்சி ஒன்றைப் படம்பிடிக்கத் துவாஸ் போயிருந்தேன். சிங்கப்பூரில் பொங்கலுக்குப் பொது விடுமுறை கிடையாது. ஆகவே வெளிநாட்டு ஊழியர் தங்கும் விடுதிகளில், தை முதல் நாள் எந்தக் கிழமையில் வந்தாலும், பொங்கல் பானை அடுப்பேறுவது பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமைதான்.

விடுதியின் பொதுச் சமையலறையில் பானையைக் கிளறிக்கொண்டிருந்தவர் கறுப்புச் சட்டை அணிந்திருந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். தஞ்சாவூர்ப் பக்கம். கப்பல் பட்டறையில் வெல்டிங் வேலை. நெற்றியில் ஒன்றும் இல்லை. பக்கத்தில் நின்ற இளைஞர் திருநீறு நீட்டியபோது, சிரித்துக்கொண்டே தலையசைத்து மறுத்துவிட்டார். ஆனால், பால் பொங்கி வழிந்தபோது “பொங்கலோ பொங்கல்” என்று எல்லாரையும்விடச் சத்தமாகக் கூவியவர் அவர்தான்.

கேமரா ஓய்ந்த பிறகு கேட்டேன். “அண்ணே, உங்களுக்குத்தான் சாமி நம்பிக்கை இல்லையே, பொங்கல் யாருக்கு?”

“சாமிக்கு இல்ல தங்கச்சி, நமக்குத்தான். நாம பொங்கல் வைக்கலன்னாலும் சூரியன் நாளைக்கும் உதிக்கும். ஆனா இந்தப் பசங்க ஒண்ணா உக்காந்து சாப்பிடலன்னா மனசு விட்டுப் போயிடும்” என்றார்.

கருத்தரங்கில் பேச அழைத்தபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது இந்தப் பதில்தான். அன்றைய கேள்விக்கான விடையில் பாதி இதிலேயே இருக்கிறது. மீதிப் பாதியைத் தேடி நாம் கொஞ்ச தூரம் போக வேண்டியிருக்கும். வடதுருவத்துக்கு அருகிலுள்ள ஒரு தீவு வரை போய்விட்டு, மறுபடி நம் சிராங்கூன் சாலைக்கே திரும்புவோம். யாருடைய நம்பிக்கையையும் குறைசொல்வது என் நோக்கமன்று என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கோயிலோடு போவது எது?

ஒருவர் கடவுள் நம்பிக்கையைக் கைவிடும்போது எதை இழக்கிறார்? கடவுளைத்தான் என்று சட்டென்று சொல்லிவிடுவோம். ஆனால், கடவுளை இழந்ததற்காக அவர் வருந்துவதில்லை; இல்லை என்று அவராகவே முடிவுசெய்த ஒன்று அது. அவர் அறியாமலே கூடச் சேர்ந்து போகும் சில பொருள்கள் உண்டு. அவற்றின் அருமை பிறகுதான் தெரியும்.

முதலாவது, நாட்காட்டி. ஆடியில் கூழ், ஐப்பசியில் தீபாவளி, தையில் பூசம் என்று ஆண்டு முழுவதும் நம்மைப் பிறரோடு சேர்த்து வைக்கும் நாள்கள். இரண்டாவது, பந்தி. முன்பின் தெரியாதவர் அருகே அமர்ந்து அன்னதானம் உண்ணும் அனுபவம். மூன்றாவது, சடங்கு. குழந்தை பிறந்தால், திருமணம் என்றால், சாவு விழுந்தால் என்ன செய்ய வேண்டும், யார் முன்னே நிற்க வேண்டும், என்ன சொல்ல வேண்டும் என்ற ஒழுங்கு. நான்காவது, கடமை. நம் வீட்டுத் துக்கத்துக்கு வருவோர், அவர்கள் வீட்டுத் துக்கத்துக்கு நாம் போவோம் என்ற எழுதாத கணக்கு.

இந்த நான்கையும் சேர்த்தால் வருவதற்குப் பெயர் ‘ஊர்’. கோயில் என்பது கடவுள் இருக்கும் இடம் மட்டுமன்று. ஊர் கூடும் இடமும் அதுவே. கடவுளை விட்டவருக்கு ஊரும் கைநழுவிப் போகிறது. அதை அவர் எங்கே போய்த் தேடுவார்?

இது ஒரு சிலரின் சிக்கல் மட்டுமன்று. 2010ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், சிங்கப்பூர்வாசிகளில் 15 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களில் 17 விழுக்காட்டினர் தங்களுக்குச் சமயம் இல்லை என்றனர். 2020இல் அது 20 விழுக்காடு. அதாவது ஐவரில் ஒருவர். இந்தியர்களிடையே இந்த விகிதம் மிகக் குறைவு. குறைவாக இருப்பதனாலேயே அத்தகைய ஒருவர் நம்மிடையே கூடுதலாகத் தனித்துப் போகிறார்.

பழைய தெய்வங்களை நாடிய தீவு

இதே கேள்வி ஐஸ்லாந்தில் எழுந்தது. சுமார் 4 லட்சம் பேர் வாழும் தீவு நாடு அது. அங்கே சுமார் கி.பி. 1000இல் நாட்டின் பொதுமன்றம் கூடிக் கிறிஸ்துவத்தை ஏற்றது. அதற்கு முன்பு அவர்கள் தோர், ஓடின், பிரேயா முதலிய ஜெர்மானிய இனத் தெய்வங்களை வணங்கினர். இந்தப் பெயர்கள் நமக்குப் புதியவை அல்ல. ‘வெட்னஸ்டே’யில் ஓடினும் ‘தர்ஸ்டே’யில் தோரும் இன்றும் ஒளிந்திருக்கிறார்கள். தோரைத் திரைப்படத்தில் சுத்தியலோடு நம் பிள்ளைகள் பார்த்தும் இருப்பார்கள்.

1972 ஏப்ரலில், ஐஸ்லாந்தியர் கோடையின் முதல் நாளாகக் கொண்டாடும் தினத்தில், தலைநகர் ரெய்க்யவிக்கில் விரல்விட்டு எண்ணத்தக்க சிலர் கூடி ஒரு சங்கம் தொடங்கினர். ‘ஆசாட்ரு’ எனப்படும் பழைய நெறிக்கான சங்கம் அது. தலைவர் ஸ்வெய்ன்பியோர்ன் பெய்ன்டெய்ன்சன் ஒரு விவசாயி, கவிஞர், பழைய பாட்டு மரபைக் கற்றவர். அங்கீகாரம் கேட்டு அவர்கள் அமைச்சரைச் சந்தித்துத் திரும்பியபோது இடி இடித்து நகரின் நடுப்பகுதியில் விளக்குகள் அணைந்தன என்றும், இடிக்கு அதிபதியான தோர் பரிந்துரை செய்துவிட்டார் என்று மக்கள் கேலி பேசினர் என்றும் ஒரு கதை சொல்வார்கள். 1973இல் அரசாங்கம் அச்சங்கத்தை அங்கீகரித்தது. இன்று உறுப்பினர்கள் 5,000 பேரைத் தாண்டிவிட்டனர்.

அவர்கள் செய்வது என்ன? ஆண்டில் சில குறிப்பிட்ட நாள்களில், கோடை தொடங்கும்போதும் குளிர்காலம் தொடங்கும்போதும் ஆண்டின் நீண்ட இரவின்போதும் கூடுகிறார்கள். அந்தக் கூட்டத்துக்குப் ‘புலோட்’ என்று பெயர். நடுவில் நெருப்பு. பழைய கவிதைகளைப் படிக்கிறார்கள். கொம்புக் குவளையில் பானம் கைமாறிக் கைமாறிச் சுற்றிவருகிறது. தெய்வங்களையும் முன்னோரையும் வாழ்த்தி ஆளுக்கு ஒரு மிடறு. பிறகு விருந்து. முற்காலத்தில் விலங்குப் பலி உண்டு; இச்சங்கம் அதைச் செய்வதில்லை. குழந்தைக்குப் பெயரிடுவது, திருமணம், இறுதிச் சடங்கு ஆகியவற்றையும் சங்கம் நடத்துகிறது.

இவர்கள் எல்லாரும் தோர் வானத்தில் தேர் ஓட்டுவதாக நம்புகிறார்களா? 2003 முதல் சங்கத்துக்குத் தலைமை தாங்கும் இசையமைப்பாளர் ஹில்மார் ஓர்ன் ஹில்மார்சன் 2015இல் செய்தியாளர்களிடம் வெளிப்படையாகவே பேசினார். எட்டுக்கால் குதிரையில் ஒற்றைக்கண் மனிதர் ஒருவர் வருகிறார் என்பதை யாரும் அப்படியே நம்புவதாகத் தமக்குத் தோன்றவில்லை என்றார். அந்தக் கதைகளைக் கவிதை உருவகங்களாகவே தாங்கள் பார்ப்பதாகவும் விளக்கினார். நம்புகிறவர்களும் அச்சங்கத்தில் உண்டு. நம்பாதவர்களும் உண்டு. நெருப்பைச் சுற்றி நிற்கும்போது யார் எது என்று எவரும் கேட்பதில்லை.

சங்கம் மட்டும் போதாதா?

கடவுள் வேண்டாதவர் எதற்குப் பழைய கடவுள்களின் பெயரைக் கட்டிக்கொள்ள வேண்டும், ஒரு மன்றம் தொடங்கினால் போதாதா என்று கருத்தரங்கில் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி.

அப்படித் தொடங்கியவர்களும் உண்டு. அதே ஐஸ்லாந்தில் ‘சித்மென்ட்’ என்ற மனிதநேயச் சங்கம் இருக்கிறது. தெய்வப் பெயரே இல்லை. தேவாலயத்தில் பதின்ம வயதுப் பிள்ளைகளுக்கு நடக்கும் உறுதிபூசுதல் சடங்குக்கு மாற்றாக, சமயம் சாராத ஒரு விழாவை அது 1989இல் தொடங்கியது. 2013இல் அரசாங்கம் அதையும் அங்கீகரித்தது. அதே 2013 ஜனவரியில் லண்டனில் இரண்டு நகைச்சுவைக் கலைஞர்கள் ‘ஞாயிறு மன்றம்’ ஒன்றைத் தொடங்கினர். தேவாலயம் போலவே பாட்டு, உரை, தேநீர் எல்லாம் உண்டு. கடவுள் மட்டும் இல்லை. நம் சிங்கப்பூரிலும் 2010இல் மனிதநேயச் சங்கம் ஒன்று முறைப்படி பதிவு பெற்றது.

இவை எல்லாம் நல்ல முயற்சிகளே. ஆனால், புதிதாக அமைத்த மன்றத்தில் கிடைக்காத ஒன்று பழைய மரபில் கிடைக்கிறது. அது பருவத்தோடும் நிலத்தோடும் ஒட்டியிருக்கிறது. பாட்டி சொன்ன கதை அதில் இருக்கிறது. “இதை நேற்று நாம் கூடிப் பேசி முடிவுசெய்தோம்” என்ற உணர்வு இல்லாமல், “இது முன்பே இருந்தது, நாமும் சேர்ந்துகொண்டோம்” என்ற உணர்வு வருகிறது. எல்லாவற்றையும் நாமே புதிதாக உருவாக்கிக்கொள்ள முடியாது. வெல்லத்தையும் அரிசியையும் எந்தக் குழுவும் தீர்மானம் போட்டுச் சேர்த்து வைக்கவில்லை.

நிழலும் வலையும்

ஆனால், பழைய மரபில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. அதைச் சொல்லத் துவாஸ் என்ற பெயரே உதவும். மலாய் மீனவர்களின் பழைய மீன்பிடி முறை ஒன்றிலிருந்து அந்தப் பெயர் வந்தது என்பார்கள். கடலில் இலைதழைகளைப் பரப்பி நிழல் உண்டாக்குவார்கள். வெயிலுக்கு ஒதுங்கும் மீன்கள் அந்த நிழலில் வந்து கூடும். பிறகு வலை வீசி அள்ளிவிடுவார்கள்.

நிழல் தேடி வருபவரை வலையில் அள்ளுகிறவர்கள் எல்லாக் காலத்திலும் உண்டு. ஜெர்மானியப் பழைய எழுத்துகளையும் சின்னங்களையும் நாஜிகள் எடுத்துத் தங்கள் சீருடையில் தைத்துக்கொண்டார்கள். இன்றும் மேலை நாடுகளில் சில குழுக்கள், வெள்ளை இரத்தம் உள்ளவருக்குத்தான் ஓடினும் தோரும் சொந்தம் என்கின்றன. தனிமையில் வாடும் ஓர் இளைஞன் நெருப்பையும் விருந்தையும் தேடிப் போய்க் கடைசியில் வெறுப்பைக் கற்றுக்கொண்டு வருகிறான். ஐஸ்லாந்துச் சங்கம் இதை ஏற்பதில்லை. வம்சம் பார்த்து உறுப்பினர் சேர்ப்பதில்லை. ஒருபால் இணையருக்கும் திருமணம் நடத்தி வைக்கிறது. அதற்காக வெளிநாட்டுக் குழுக்கள் சிலவற்றிடமிருந்து வசவுக் கடிதங்களும் அதற்கு வந்திருக்கின்றன.

ஆக, ஒரே தெய்வப் பெயர்கள், ஒரே கதைகள். ஓர் இடத்தில் நிழல், இன்னோர் இடத்தில் வலை. இரண்டையும் எப்படிப் பிரித்தறிவது? அவர்கள் எதை நம்புகிறார்கள் என்று கேட்டால் விடை கிடைக்காது. யாரை உள்ளே விடுகிறார்கள் என்று கேட்டால் உடனே தெரிந்துவிடும்.

நாம் செய்து பார்த்தது

இப்போது நம் சொந்தக் கதைக்கு வருவோம். ஐஸ்லாந்தியர் 1972இல் தொடங்கியதற்கு 20 ஆண்டுகளுக்கு முன்பே, சிங்கப்பூர்த் தமிழர் இதே போன்ற ஒன்றைச் செய்து காட்டியிருக்கிறார்கள். நம் இளையர் பலருக்கு இது தெரியாது.

1929 இறுதியில் தந்தை பெரியார் மலாயாவுக்கு வந்து சுற்றுப்பயணம் செய்தார். அந்தப் பயணம் மூட்டிய வேகத்தில் 1932இல் சிங்கப்பூரில் ‘தமிழர் சீர்திருத்தச் சங்கம்’ உருவானது. அதன் முன்னணியில் நின்றவர் கோ. சாரங்கபாணி. திருவாரூரில் 1903இல் பிறந்து, 1924இல் சிங்கப்பூர் வந்தவர். சாதி வேற்றுமையையும் மதுப் பழக்கத்தையும் சங்கம் எதிர்த்தது. தீமிதி, அலகு குத்துதல் போன்றவற்றையும் கடுமையாக விமர்சித்தது. 1935இல் சங்கத்தின் ஏடாகப் பிறந்ததுதான் ‘தமிழ் முரசு’.

ஆனால், வேண்டாம் என்பதை மட்டும் சொல்லிக்கொண்டிருந்தால் யாரும் நெடுநாள் கூட நிற்க மாட்டார்கள் என்பதைச் சாரங்கபாணி அறிந்திருந்தார். அன்றைய சிங்கப்பூர்த் தமிழர் துறைமுகத்திலும் கடற்படைத் தளத்திலும் நகராட்சியிலும் உழைத்தவர்கள். ஊரால், சாதியால், சமயத்தால் பிரிந்து கிடந்தவர்கள். தீபாவளி இந்துக்களுக்கு, நோன்புப் பெருநாள் முஸ்லிம்களுக்கு, கிறிஸ்துமஸ் கிறிஸ்துவர்களுக்கு. தமிழர் என்ற ஒரே காரணத்துக்காக எல்லாரும் கூட ஒரு நாள் இல்லை. கடவுள் மறுப்பாளருக்கோ எந்த நாளும் இல்லை.

அதற்காகத்தான் 1952இல், பொங்கலையொட்டித் ‘தமிழர் திருநாள்’ கொண்டாடப்பட்டது. உழவர் பெருநாளை, எல்லாச் சமயத் தமிழரும் சேரக்கூடிய பொதுநாளாக ஆக்கினார்கள். பேச்சுப் போட்டி, கட்டுரைப் போட்டி, விளையாட்டு, கலை நிகழ்ச்சி என்று அது வளர்ந்தது. இந்துவும் முஸ்லிமும் கிறிஸ்துவரும் சுயமரியாதைக்காரரும் ஒரே மேடையில் அமர்ந்தனர். அப்படி ஒன்றுகூடிய சமூகம்தான் 1950களில் ‘தமிழ் எங்கள் உயிர்’ என்ற நிதியைத் திரட்டி, மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழுக்கு நூல் சேர்க்க உதவியது. ஒன்றாக உண்டவர்கள் பிறகு ஒன்றாகக் கொடுத்தார்கள்.

சாரங்கபாணியின் துணைவியார் பெரனாக்கான் சீனப் பெண்மணி என்பதையும் இங்கே நினைவூட்ட வேண்டும். தமிழர் திருநாளைத் தந்தவரின் வீட்டில் இரத்தம் பார்த்து யாரும் உறவு தீர்மானிக்கவில்லை.

இரு பக்கத்துக் கேள்விகள்

இதற்கு இரண்டு பக்கமிருந்தும் மறுப்பு உண்டு. இரண்டையும் கேட்பதே முறை.

நம்பிக்கை உடையவர் கேட்கிறார்: “பொங்கல் சூரியனுக்கு நன்றி சொல்லும் வழிபாடுதானே? சாமியை எடுத்துவிட்டுப் பானையை மட்டும் வைத்துக்கொள்வது எந்த விதத்தில் நியாயம்?” பகுத்தறிவாளர் ஒருவர் எதிர்ப்பக்கத்திலிருந்து கேட்கிறார்: “சாமியே இல்லை என்றான பிறகு சூரியனைப் பார்த்துக் கைகூப்புவது எதற்கு? பின்வாசல் வழியாகப் பக்தி வந்துவிடாதா?”

இருவர் கேட்பதிலும் உண்மை இருக்கிறது. பொங்கலில் வழிபாடு இருக்கிறது. அதை மறைத்துப் பேசினால் அது நேர்மையாகாது. அதே நேரத்தில், அறுவடையும் உழைப்பும் மாட்டுக்கு நன்றியும் உறவுகூடுதலும் அதில் இருக்கின்றன. ஒரு பண்டிகை பல வாசல் உள்ள வீடு. ஒருவர் பூசை அறை வழியாக நுழைகிறார், இன்னொருவர் சமையற்கட்டு வழியாக நுழைகிறார். உள்ளே போனதும் பந்தி ஒன்றுதான். மற்றவர் எந்த வாசலில் வர வேண்டும் என்று கட்டளையிடும்போதுதான் சண்டை வருகிறது.

சடங்கு விஷயத்திலும் பெரியார் இயக்கம் வெறும் மறுப்போடு நிற்கவில்லை. 1920களின் இறுதியிலிருந்தே புரோகிதர் இல்லாத சுயமரியாதைத் திருமணங்களை நடத்திக் காட்டியது. அவற்றுக்கு அண்ணா தலைமையிலான அரசு 1967இல் தமிழகத்தில் சட்ட ஏற்புத் தந்தது. சாவுக்கும் ஒரு வழி வகுத்தார்கள். கருமாதிக்குப் பதிலாகப் ‘படத்திறப்பு’. இறந்தவரின் படத்தைத் திறந்துவைத்து, அறிந்தவர்கள் அவரைப் பற்றிப் பேசுவார்கள். மந்திரம் இருக்காது, நாலு பேர் நினைவுகூர்வார்கள். திருமணத்துக்கும் சாவுக்கும் யார் வந்து நிற்பார்கள் என்ற அச்சம்தான் நம்பிக்கை இழந்த பலரையும் கட்டிப்போடுகிறது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

ஒரு மைலோ டின்னும் கைக்குட்டையும்

துவாஸ் சமையலறைக்குத் திரும்புவோம். அந்தக் கறுப்புச் சட்டைக்காரர் அன்று இன்னொன்றும் சொன்னார்.

2020 ஏப்ரலில் கொவிட் காரணமாக ஊழியர் விடுதிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தனிமைப்படுத்தப்பட்டது நமக்கு நினைவிருக்கும். இந்தியாவுக்கான விமானங்கள் அதற்கு முன்பே நின்றுவிட்டன. அவர் இருந்த அறையில் பன்னிரண்டு பேர். அந்த நாள்களில்தான் ஊரில் அவருடைய தந்தையார் காலமானார். போக வழியில்லை. கைபேசியில் இறுதி ஊர்வலத்தைப் பார்த்தார். தந்தையும் கறுப்புச் சட்டைக்காரர்தான். தமக்குக் கருமாதி கூடாது, படத்திறப்புப் போதும் என்று சொல்லி வைத்திருந்தவர்.

அறையில் படம் அச்சிட வசதி ஏது? கைபேசித் திரையில் தந்தையின் படத்தை வைத்து, அதை ஒரு மைலோ டின்னில் சாய்த்து நிறுத்தினார்கள். மேலே ஒரு கைக்குட்டையைப் போட்டு மூடினார்கள். அறையில் மூத்தவரான ராமநாதபுரத்து முஸ்லிம் அன்பர் ஒருவர் கைக்குட்டையை எடுத்துப் படத்தைத் திறந்து வைத்தார். கன்னியாகுமரிப் பையன் ஒருவன் மனத்துக்குள் ஜெபம் செய்துகொண்டான். சாமி கும்பிடுகிறவர்கள் கும்பிட்டார்கள். பிறகு ஒவ்வொருவராகத் தங்கள் அப்பாவைப் பற்றி ஒரு செய்தி சொன்னார்கள். கடைசியில், அன்றைக்கு வந்த உணவுப் பொட்டலங்களைப் பிரித்து ஒன்றாக வைத்துச் சாப்பிட்டார்கள்.

“எங்க ஊருல நடந்திருந்தாக்கூட இத்தன சாதிக்காரங்க ஒரு அறையில உக்காந்து எங்கப்பனுக்காகச் சாப்பிட்டிருக்க மாட்டாங்க தங்கச்சி. இங்க யாரும் எந்த ஊருன்னுதான் கேப்பாங்க. எந்தத் தெருன்னு கேட்டாத்தான் வம்பு” என்றார்.

நான் பதில் பேசவில்லை. ஊர்ப் பெயரில் இல்லாத வம்பு தெருப் பெயரில் எப்படி வருகிறது என்று வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

நம்பாத ஒருவரும் நம்புகிற பதினொருவரும் சேர்ந்து, ஒரு சாவைத் தாங்கினார்கள். ஐஸ்லாந்தில் நெருப்பைச் சுற்றி நடப்பதும், 1952இல் இங்கே மேடையில் நடந்ததும், அந்த அறையில் நடந்ததும் ஒன்றுதான். நம்பிக்கை ஒத்துப்போனால்தான் மனிதர் கூட முடியும் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். உண்மையில், ஒரு நாளைக் குறித்து, ஒரு பந்தியைப் போட்டு, ஒருவர் துக்கத்தை மற்றவர் சுமக்க முன்வந்தாலே ஊர் உண்டாகிவிடுகிறது.

வாசலில் நிற்பவர் யார்?

ஆனால், ஊர் உண்டானால் மட்டும் போதாது, அதன் வாசல் யாருக்குத் திறந்திருக்கிறது என்றும் பார்க்க வேண்டும் என்று முன்பே சொன்னேன். அந்த அளவுகோலை ஐஸ்லாந்துக்கு வைத்தோம். நமக்கும் வைத்துப் பார்ப்போம்.

ஒவ்வோர் ஆண்டும் ஜனவரியில் லிட்டில் இந்தியாவில் பொங்கல் களைகட்டுகிறது. கேம்பல் லேன் பகுதியில் கரும்பும் மண்பானையும் குவிகின்றன. மாடுகளைக் கொண்டுவந்து காட்டுகிறார்கள். அடுக்குமாடியில் வளரும் நம் பிள்ளைகள் அங்கேதான் பசுவைத் தொட்டுப் பார்க்கிறார்கள். நானும் அங்கிருந்து பலமுறை நேரடி வருணனை செய்திருக்கிறேன். கேமராவுக்கு முன்னால் பட்டுப்புடவை, வேட்டி. கேமராவுக்குப் பின்னால், கூட்டத்தின் ஓரத்தில், கைபேசியில் மாட்டைப் படம் எடுத்து வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருப்பவர் யார்? பெரும்பாலும் துவாஸ், ஜூரோங் பகுதிகளிலிருந்து வந்த ஊழியர். அந்தக் கரும்பை வெட்டிய கை அவருடைய அண்ணனுடையதாகக்கூட இருக்கலாம். உழவர் திருநாளில் உழவரின் மகன் ஓரத்தில் நிற்கிறார். நான் அவரைத் தாண்டிப் போய்ப் பிரமுகரிடம் ஒலிவாங்கியை நீட்டியிருக்கிறேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

நம் சமூகத்திலேயே நம்பிக்கையை விட்டுவிட்டு அதைச் சொல்லத் தயங்கும் இளையர்களும் இருக்கிறார்கள். சொன்னால் வீட்டில் சண்டை, சொல்லாவிட்டால் மனத்துக்குள் தனிமை. குடும்பப் பூசையில் ஒதுங்கி நிற்கும் அந்தப் பிள்ளையைப் பார்த்து, “உனக்கு இங்கே என்ன வேலை?” என்று கேட்டால் அவன் வெளியே போய்விடுவான். எங்கே போவான், அங்கே இருப்பது நிழலா வலையா என்று நமக்குத் தெரியாது. “சாமி கும்பிடாவிட்டால் பரவாயில்லை, இலை போடு, தண்ணீர் வை” என்றால் அவன் நம்மோடு இருப்பான்.

சிராங்கூன் சாலையிலிருந்து துவாஸுக்கு ரயிலில் போக ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். 2017இல் துவாஸ் வரை தண்டவாளம் நீண்டுவிட்டது. தூரம் இனி ஒரு காரணமாகாது. வரும் தைப்பொங்கலுக்கு ஒரு குடும்பம் ஒரு ஊழியரையாவது தன் வீட்டுப் பந்திக்கு அழைக்கலாம். முடியாதவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை விடுதிப் பொங்கலுக்கு விருந்தினராகப் போகலாம். உதவி செய்யும் எண்ணத்தோடு போகாமல், உண்ணும் எண்ணத்தோடு போக வேண்டும் என்பதுதான் என் வேண்டுகோள்.

அந்தக் கறுப்புச் சட்டை அண்ணன் அன்று எனக்கும் ஒரு தட்டில் பொங்கல் வைத்துக் கொடுத்தார். சாமிக்குப் படைத்ததா என்று நான் கேட்கவில்லை. எனக்கு நம்பிக்கை உண்டா என்று அவரும் கேட்கவில்லை. வெல்லம் கொஞ்சம் தூக்கலாக இருந்தது. “பசங்க வெயில்ல வேலை பாக்குறவங்க, இனிப்பு வேணும்” என்றார்.

உங்கள் வீட்டில் பொங்கல் யாருக்கு வைக்கிறீர்கள்? அந்தப் பந்தியில் யாருக்கு இடம் இல்லை? வீட்டாரோடு பேசிப் பாருங்கள்.